லவோனின் வண்டி மேடு ஏற மறுத்த வாரம்

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள் லவோன். வடக்கு டகோட்டாவில், பனி முழங்காலுக்கு மேல் கிடக்கும் மாதங்களில்கூட, ஒரு நாளும் பிள்ளைகளை மணி அடித்த பிறகு கொண்டுபோய் இறக்கியதில்லை என்று சொல்வாள். நான் அதை நம்புகிறேன். ஒன்பது மணிக்குக் காபி குடிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு ஐம்பத்தைந்துக்குத் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறவள் அவள். நான் அப்போதுதான் பல் துலக்கிக்கொண்டிருப்பேன்.

எங்கள் பிழைப்பு ஒரே மாதிரிதான். வீட்டை விற்றுவிட்டோம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை எல்லாம் அடங்கிய கேம்பர் ஒன்றைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போவோம். குளிருக்கு அரிசோனாப் பாலைவனம், கோடைக்கு வடக்கே மலைகள். நானும் என் புருஷன் ஓட்டிஸும் இப்படிக் கிளம்பிப் பதினான்கு வருஷம் ஆகிறது. லவோனும் அவள் புருஷன் டெல்மரும் எங்களுக்கு மூன்று வருஷம் இளையவர்கள், வயதில் இல்லை, சாலையில்.

டெல்மர் அறுவடை இயந்திரங்களைப் பழுது பார்த்தவன். கோதுமை வயலின் நடுவில் நின்றுபோன இயந்திரத்தை அங்கேயே மண்ணில் படுத்துக்கொண்டு சரிசெய்கிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் கண் கெட்டது. நேரே பார்த்தால் நடுவில் ஒரு கறுப்பு வட்டம். ஓரத்தில் மட்டும்தான் உலகம் தெரிகிறது என்றான். ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஓட்டுவது லவோன்.

நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்த பேருந்தை ஓட்டியவளுக்கும், பின்னால் ஒரு வீட்டை மாட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பது புதிய பாடம். வண்டியை இடப்பக்கம் திருப்பினால் வீடு வலப்பக்கம் போகும். எங்கள் முகாம்களில் சாயங்காலப் பொழுதுபோக்கே இதுதான். யாராவது புதியவர் ரிவர்ஸ் எடுக்கிறார் என்றால் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவோம்.

"இடது! இடது! என் இடதுடி, உன் இடது இல்ல!" என்று பின்னால் நின்று கத்துவான் டெல்மர்.

"எது இடதுன்னு மொதல்ல நீ முடிவு பண்ணு, அப்புறம் கத்து!"

"மரம் இருக்குடி பின்னாடி!"

"மரம் உன் கண்ணுக்குத் தெரியுதா, இல்ல சும்மா அடிச்சு விடறியா?"

ஓட்டிஸ் பீரை மடியில் வைத்துக்கொண்டு, "டிக்கெட் வாங்காம இப்படி ஒரு படம் எங்க கெடைக்கும்?" என்பான். ஒரு மாதத்தில் லவோன் ஊசியில் நூல் கோப்பது போலக் கேம்பரை உள்ளே விட ஆரம்பித்துவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் நாற்காலி கொண்டுபோகவில்லை.

அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஸ்டீயரிங் அவளுடையது, எஞ்சின் அவனுடையது. கண் இல்லாவிட்டால் என்ன, கையும் காதும் இருக்கிறதே என்பான். ஆனால் போன குளிர்காலத்தில் லவோன் அவனைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள். தண்ணீர் ஊற்றாமல் இரண்டு முறை காபிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டான். ஒரு நாள் என்னை அவன் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நான் "என்ன?" என்று திரும்பினேன், அவ்வளவுதான். லவோன் மட்டும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் மகள் கிம் ஃபார்கோ நகரத்தில் இருக்கிறாள். நல்ல பெண். நல்ல பெண்கள்தான் பிடிவாதமாக இருப்பார்கள். வீட்டின் அடித்தளத்தில் ஓர் அறைக்குப் பெயிண்ட் அடித்து, கட்டில் போட்டு, கைப்பிடி எல்லாம் மாட்டி வைத்துவிட்டு, "எப்பம்மா வர்றீங்க?" என்று வாரா வாரம் போனில் கேட்பாள். அந்த அறைக்கு ஜன்னல் கூரையை ஒட்டி ஒரு கை அகலம். ஓரக்கண்ணால் உலகத்தைப் பார்க்கிறவனை அங்கே வைத்தால் என்ன பார்ப்பான்?

அதற்கு மாற்றாக அவர்களிடம் இருந்தது ஐடஹோவில் ஒரு மலை ஏரி. அங்கே அரசு முகாமைப் பார்த்துக்கொள்கிற வேலை. வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், விறகு கொடுக்க வேண்டும், கழிப்பறை கழுவ வேண்டும். பதிலுக்கு ஐந்து மாதம் கேம்பரை நிறுத்த இடமும் தண்ணீரும் மின்சாரமும். மூன்று கோடைகளாக அதுதான் அவர்கள் வீடு. இந்த முறை முகாமுக்குப் பொறுப்பான வன அதிகாரியாகப் புது ரேஞ்சர் வந்திருந்தாள். அவள் அனுப்பிய செய்தியை லவோன் எனக்குப் படித்துக் காட்டினாள், எனக்குப் படிக்க வராது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருக்கிற தம்பதிக்கு இடம் போய்விடும் என்று எழுதியிருந்தது. மற்ற ஏரிகளின் இடங்களெல்லாம் ஜனவரியிலேயே நிரம்பிவிடும். இது போனால் அடித்தளம்தான்.

திங்கட்கிழமை காலை பாலைவனத்தை விட்டுக் கிளம்பினோம். அவர்கள் முன்னால், நாங்கள் பின்னால். சமதரையில் நூறு மைல் நன்றாகத்தான் போனது. பிறகு பதினைந்து மைல் நீள ஏற்றம் வந்தது. வருஷா வருஷம் ஏறுகிற மேடுதான். ஐம்பதில் போனவள் நாற்பதுக்கு வந்தாள், முப்பதுக்கு வந்தாள். அவள் வண்டியின் பின்னாலிருந்து கரும்புகை தள்ளத் தொடங்கியது. ஓட்டிஸ் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "என்னடி இது, ரயில் எஞ்சின் மாதிரி போறா?" என்றான். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் ஒருவன் நடந்து வந்தால் அவளை முந்திவிடுவான் என்கிற நிலை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயின. ஆபத்து விளக்கைப் போட்டுக்கொண்டு, ஓரமாக அகலமாக இருந்த ஓர் இடத்தில் கேம்பரோடு வண்டியைத் திருப்பி, மேட்டின் அடிவாரத்தில் இருந்த சின்ன முகாமுக்கு மெதுவாக இறக்கிக்கொண்டு வந்தாள். ஒரு தண்ணீர்க் குழாய், நாலு மரம், சரளைக்கல் தரை. அவ்வளவுதான் அந்த இடம்.

கேம்பரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் மேட்டில் விட்டுப் பார்த்தாள். பாரம் இல்லாவிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். அப்போதும் மூச்சு முட்டியது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் பானட் திறந்தே கிடந்தது. எங்கள் ஆட்களுக்குத் திறந்த பானட் என்றால் தேன் மாதிரி. பக்கத்து இடத்தில் தங்கியிருந்த ரஸ் என்கிற தொப்பைக்காரன், கையில் காபிக் கோப்பையோடு, கூப்பிடாமலே வந்துவிட்டான். வண்டிக்கு இருபத்தெட்டு வயது. இந்தக் காலத்து வண்டி என்றால் எங்கே வலிக்கிறது என்று விளக்கு போட்டுச் சொல்லுமாம். இதற்கு அந்த வாய் கிடையாது. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"டீசல்தான். வர்ற வழியில அந்த ஒத்த பம்ப் கடையில போட்டியே, தண்ணி கலந்திருக்கான்," என்றேன் நான்.

"நாமளும் அங்கதானே போட்டோம் பெர்ட்டா? நம்ம வண்டி ஓடுதே?" என்றான் ஓட்டிஸ்.

"நம்ம வண்டிக்கு என்ன ஊத்தினாலும் ஓடும். உன்ன மாதிரி."

நான் சொன்னதற்காக டெல்மர் டீசல் ஃபில்டரை மாற்றினான். பார்க்க வேண்டிய காட்சி அது. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விரலாலேயே மூடியைத் திருகி எடுத்து, புதியதை மாட்டி, காற்றை வெளியேற்றி, ஒரு சொட்டுகூடக் கீழே சிந்தாமல் முடித்தான். பழைய ஃபில்டரில் இருந்த டீசலைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் காட்டினார்கள். தண்ணீர் இல்லையாம். எனக்கு இன்றைக்கும் அந்தக் கடை மேல் நம்பிக்கை கிடையாது.

ஓட்டிஸ் கேம்பரின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் என்றான். பிடித்துக்கொண்டு வந்திருந்தால் திங்கட்கிழமையே சக்கரம் பழுத்திருக்கும், இறங்கினதும் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது என்றாள் லவோன். ரஸ் கியர்பெட்டிதான் போய்விட்டது என்று சத்தியம் செய்தான். கியர் எண்ணெயை அளக்கிற குச்சியை உருவி முகர்ந்தான். தீய்ந்த வாசனை இல்லை. நிறமும் செக்கச்செவேல் என்று நன்றாக இருந்தது.

"வாசன இல்லன்னாலும் கியர்தான்," என்றான்.

"அப்ப எதுக்குய்யா மோந்து பாத்த?" என்றாள் லவோன்.

டெல்மர் சோப்புத் தண்ணீரைக் குழாய்கள் மேலெல்லாம் தடவச் சொல்லி, எஞ்சினை முறுக்கச் சொல்லி, எங்கேயாவது குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னான். எங்கும் காற்று கசியவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ரஸைப் பார்க்கச் சொன்னான்.

"புத்தம் புதுசு மாதிரி இருக்கு தலைவா. பால் வெள்ளை."

டெல்மரின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. "அப்ப மூச்சுல கொற இல்ல. மூடிடு," என்றான்.

சாயங்காலம் ஆவதற்குள் அந்தச் சந்தோஷம் வடிந்துவிட்டது. பக்கத்து ஊர் மெக்கானிக்கிடம் லவோன் போனில் கேட்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை பார்க்கிறேன் என்றான். நாங்கள் எங்கள் வண்டியை மாட்டிக்கொள் என்றோம். அவர்கள் கேம்பரின் கனத்துக்கு எங்கள் வண்டி பாதி மேட்டில் உட்கார்ந்துவிடும் என்று அவளுக்கே தெரியும். வியாழக்கிழமை காலையில் கிளம்பினால்தான் சனிக்கிழமை ஏரி.

"மேட்டுல பெரிய கியர்லயே மிதிச்சிருப்ப. அதான் கியர் போயிருக்கு," என்றான் டெல்மர்.

"நான் ரெண்டாவதுக்கு வந்தது உன் காதுல விழலயா?"

"விழுந்துச்சு. லேட்டா விழுந்துச்சு."

"இங்க பாரு கெழவா, முப்பத்தொரு வருஷம்..."

"பஸ் ஓட்டுனேன், பஸ் ஓட்டுனேன். பஸ்ஸுக்குப் பின்னாடி பள்ளிக்கூடத்தையும் சேத்தா கட்டி இழுத்த?"

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

புதன்கிழமை காலை எட்டு ஐம்பத்தைந்துக்கு வந்தாள். ஓட்டிஸும் டெல்மரும் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். நான் வாசல் மிதியடியை உதறினேன். ஆறு மாதப் பாலைவனப் புழுதி, குங்குமப்பூ நிறத்தில், அவள் காபிக்குள் விழுகிற அளவுக்குக் கிளம்பியது. மன்னிப்புக் கேட்டேன். அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெர்ட்டா, என் தலகாணி உறைக்குள்ள இந்த மண்ணு இருக்கு. சர்க்கரை டப்பாவுல இருக்கு."

"எல்லார் வீட்டுலயும்தான் இருக்கு."

"ஜனவரியிலேர்ந்து வாரத்துக்கு ரெண்டு தடவ அந்தப் புழுதி ரோட்டுல தண்ணிக்கும் சாமானுக்கும் போயிட்டு வந்தேன். அந்த ஏர் ஃபில்டர் எப்படி வெள்ளையா இருக்கும்?"

எங்களுக்குள் அப்படி ஒரு முறை உண்டு. புத்தாண்டு வரை எங்கள் வண்டியில் எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவருவோம், அதன் பிறகு அவர்கள் வண்டியில். அதுவரை அவர்கள் வண்டி ஒரே இடத்தில் நிற்கும்.

"டெல்மர் மாத்தியிருப்பான்," என்றேன்.

"அவன் மாத்துனது போன ஆகஸ்ட்டுல. பக்கத்துல நின்னு லைட் புடிச்சவ நான்தான்."

எழுந்து நேராக வண்டிக்குப் போனாள். நானும் போனேன். பானட்டைத் தூக்கினாள். ஃபில்டர் பெட்டிக்கு முன்னால் ஒரு தடித்த குழாய், முன்விளக்குக்குப் பின்னால் போய் மறைகிறது. அதன் வழியாகத்தான் எஞ்சின் வெளிக்காற்றை இழுக்கும். வளையத்தைத் தளர்த்திக் குழாயைப் பிடுங்கினாள். முழங்கை வரை உள்ளே விட்டாள். முகம் மாறியது. எதையோ பிடித்து இழுத்தாள். வராமல் வந்தது.

அது ஒரு கம்பளிக் காலுறை. சாம்பல் நிறம், மேலே நீலக்கோடு. புழுதியில் கல் மாதிரி இறுகியிருந்தது. அதற்குள் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நார் உருண்டை.

இதில் ஆச்சரியம் இல்லை. பாலைவன எலி வண்டிக்குள் கூடு கட்டினால் வயரையெல்லாம் கடித்துத் துப்பிவிடும். அதனால் நாங்கள் ஒவ்வொருவரும் ஒன்று செய்வோம். சிலர் பானட்டைத் திறந்தே வைப்பார்கள், சிலர் வாசனைத் துணி போடுவார்கள். காற்றுக்குழாயின் வாயை இரும்பு நாரால் அடைப்பவர்களும் உண்டு. எலிக்குப் பல் கூசும். ஆனால் வண்டியை எடுக்கும் முன் அதை எடுத்துவிட வேண்டும். மெதுவாக ஓட்டினால் அந்தக் காற்று போதும். பின்னால் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது எஞ்சின் முழு மூச்சு இழுக்கும். காலுறை இன்னும் உள்ளே போய் வளைவில் தக்கை மாதிரி சிக்கிக்கொண்டது. பிறகு பாரம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

"கண்டுபுடிச்சிட்டடி! நாளைக்குக் கெளம்பலாம்!" என்று நான் கத்தினேன்.

அவள் வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டாள். காலுறையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வச்சது அவன். மறந்துட்டான் பெர்ட்டா. நேத்து நாள் பூரா பக்கத்துலயே நின்னான். அப்பகூட ஞாபகம் வரல."

"அதனால என்ன? எலிக்கூடுன்னு சொல்லிடு. நான் இத எரிச்சிடறேன், குடு."

"எலி சாக்ஸ் போட்டுக்கிட்டு வந்துச்சுன்னு சொல்லவா?"

"சொல்லேன். அவனுக்குக் கண்ணா தெரியுது?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினாள். ஏரியில் கேஸ் சிலிண்டர் இருக்கிறது, விறகு அறுக்கிற இயந்திரம் இருக்கிறது, கரையில் படகு இருக்கிறது. அவள் கழிப்பறை கழுவப் போயிருக்கும் நேரத்தில் அவன் தனியாக இருப்பான். இன்றைக்கு ஒரு காலுறை, நாளைக்கு என்ன? கிம் சொல்வதுதான் சரி. ரேஞ்சரைக் கூப்பிட்டு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன், அடுத்தவர்களாவது நேரத்துக்குப் போகட்டும் என்றாள்.

போனை எடுத்தாள். நான் பிடுங்கி நாற்காலியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பெர்ட்டா, எழுந்திரு."

"மாட்டேன். அவன வச்சுப் பேசு. அவன் வாழ்க்கைய அவன் தண்ணி புடிக்கப் போன நேரத்துல முடிக்காத."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா எழுந்திருக்க மாட்டேன்."

குழாயடியிலிருந்து அவர்கள் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். டெல்மர் தண்ணீர்க் கேனை இறக்கி வைத்தான். லவோன் காலுறையை அவன் கையில் வைத்தாள். அவன் அதை விரலால் தடவினான், உள்ளே இருந்த நாரை அழுத்தினான்.

"என் சாக்ஸ்."

"எங்க இருந்துச்சு தெரியுமா?"

"ஏன் தெரியாது? வண்டியோட மூக்குல, காத்துக் குழாய்ல. நவம்பர்ல நான்தான் வச்சேன்." பிறகு அவன் குரல் ஏறியது. "இன்னுமா அங்க இருந்துச்சு? நீ எடுக்கலயா?"

"நானா?"

"ஓட்டறது நீதானே. ஸ்டீயரிங்ல சிவப்பு நாடா கட்டினேனே."

லவோன் என்னைப் பார்த்தாள். "நாடா எதுவும் இல்ல டெல்மர்," என்றாள், குழந்தையிடம் சொல்வது போல.

"கட்டினேன்டி. அறுவடைக் காலத்துல நாங்க எல்லாரும் செய்யறதுதான். மெஷின்ல எதையாவது அடச்சு வச்சா ஸ்டீயரிங்ல செவப்பு கட்டணும். ஓட்டறவன் நாடாவ பாத்துட்டு, எடுத்துட்டுத்தான் ஏறணும். ஜனவரில மொத நாள் தண்ணிக்குக் கெளம்பினோமே, அன்னைக்கு ஸ்டீயரிங்கத் தடவிப் பாத்தேன். நாடா இல்ல. சரி, நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன். நேத்து ஃபில்டர் வெள்ளையா இருக்குன்னு அந்தத் தொப்ப சொன்னப்ப, ஜனவரி வரைக்கும் நம்ம சாக்ஸ் நல்லாக் காவல் காத்திருக்குன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்கப்புறம் நீ ஓட்டுன புழுதிய யோசிக்கல."

சிவப்பு நாடா என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்து, போன் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, எங்கள் கேம்பருக்குள் போனேன். சமையல் அலமாரிக் கதவு ஒன்று வண்டி ஓடும்போது திறந்து திறந்து அடித்துக்கொள்ளும். அதை ஒரு நாடாவால் கட்டி வைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு லவோன் எனக்குப் பேரீச்சம்பழ ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தாள், துணியில் சுற்றி, மேலே அகலமான சிவப்பு நாடா கட்டி. நல்ல நாடா, எறிய மனம் வரவில்லை. ஒரு முனையில் எண்ணெய்க் கறை இருந்தது. வெண்ணெய் என்று நினைத்தேன்.

அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தேன். கறையில் ஒரு கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. முகர்ந்தாள். எஞ்சின் எண்ணெய்.

"இது..." என்றாள். "கிறிஸ்துமஸுக்கு ஸ்டீயரிங்ல அழகுக்குக் கட்டியிருக்கேன்னு நெனச்சேன். எனக்கு நாடா தேவப்பட்டுச்சு. அவுத்துட்டேன்."

"அழகுக்கா? நாப்பத்தாறு வருஷத்துல நான் எதையாவது அழகுக்குக் கட்டியிருக்கேனாடி?"

"இல்ல."

"ஒரு தடவையாவது?"

"இல்ல டெல்மர். அதனாலதான் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

ஓட்டிஸ் தலையைத் திருப்பிக்கொண்டான். லவோன் அப்போதுதான் அழுதாள். நான் பார்த்து அவள் அழுதது அந்த ஒரு முறைதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை. போனை எடுத்து அவனிடம் காட்டி, ரேஞ்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் முடித்துவிட இருந்தேன் என்று தானே சொன்னாள். உன் புத்தி போய்விட்டது என்று நினைத்தேன், உன்னைக் கேட்காமலே செய்ய இருந்தேன் என்றாள்.

டெல்மர் கேன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"கூப்பிட்டியா?"

"இல்ல. பெர்ட்டா போன் மேல உக்காந்துட்டா."

"நல்லதுதான். அவள நகத்த கிரேன் வேணும்."

"வேணும்னா உன் மேலயும் உக்காருவேன்," என்றேன்.

"காபிப் பாத்திரம் ரெண்டு தடவ," என்றான் அவன், சிரிக்காமல். "அது மறந்ததுதான் லவோன். அதுக்கு நாடா கீடா ஒண்ணும் இல்ல. எனக்கும் தெரியும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு பாத்தேன்."

"எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்குத் தெரியாம போச்சு. நான் அடச்சா சொல்றேன். நீ அவுத்தா கேளு."

அன்று மத்தியானம் குழாயை மாட்டி, வண்டியை மேட்டில் விட்டுப் பார்த்தாள். புகை இல்லை. ரஸ் காபிக் கோப்பையோடு நின்று, "நான் சொன்னேன்ல, கியர் இல்லன்னு," என்றான். யாரும் அவனோடு சண்டை போடவில்லை. அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தோம்.

வியாழக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பேருந்து ஓட்டுகிறவர்கள் காலையில் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். இரண்டு வருஷமாக லவோன் அதைத் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தாள், நேரம் மிச்சம் என்று. அன்று அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

"கொக்கி?" என்று அவள் கேட்பாள். அவன் தொட்டுப் பார்த்து, "மாட்டியிருக்கு," என்பான்.

"சங்கிலி?"

"ரெண்டும்."

"சக்கரம்?"

"நாலும்... இரு, அஞ்சாவது ஏதோ கையில படுது. ஓ, பெர்ட்டா கால்."

முன்பக்கம் வந்ததும் அவளே பானட்டைத் தூக்கி, அவன் கையை எடுத்துக் குழாயின் வாயில் வைத்தாள். காலி. இருபத்திரண்டு நிமிஷம் ஆனது எல்லாவற்றுக்கும். ஓட்டிஸ் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு முணுமுணுத்தான். நான் அவனைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

மேட்டில் நாற்பத்தைந்துக்குக் குறையாமல் ஏறினாள். நாங்கள்தான் பின்தங்கினோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிந்தோம், எங்களுக்கு மொண்டானா, அவர்களுக்கு மேற்கே. சனிக்கிழமை காலை போன் வந்தது.

"ஒம்பது நாப்பது," என்றாள். வேறு எதற்கும் முன்னால் மணியைத்தான் சொன்னாள்.

"ரேஞ்சர் எப்படி?"

"சின்னப் பொண்ணு. அவ கையில கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னா. எனக்குப் புடிச்சிருக்கு அவள. டெல்மரப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டேன். கண்ணு, காபி, எல்லாம். ரம்பம் மட்டும் அவர் தொட வேணாம், தண்ணி பம்ப் ரெண்டு ஒழுகுது, அதப் பாப்பாரான்னு கேட்டா. இவன் உடனே சட்டையக் கழட்டிட்டு பம்ப்புக்கு அடியில படுத்துட்டான்."

"கிம்?"

"அவகிட்டயும் சொல்லிட்டேன். ஜூலையில வர்றேன்னா. வந்து நேர்ல பாத்துட்டுப் பேசறேன்னா. பேசட்டும்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அடுத்த வருஷம்?"

தண்ணீர் தெறிக்கிற சத்தமும் டெல்மர் யாரையோ திட்டுகிற சத்தமும் போனில் கேட்டது. பம்பைத்தான் திட்டியிருப்பான்.

"அடுத்த வருஷத்த ஜனவரில கேளு பெர்ட்டா," என்றாள். "இப்ப இவனுக்கு ஸ்பானர் புடிக்கப் போகணும்."